சிம்ப்சன்ஸின் அதிர்ச்சித் திருப்பங்களில் எதைத் திரையிடுவது? திருகோணமலைக் குழுக்களுக்கு ஓர் ஒப்பீடு

ஒரு மண்டபம், ஒரு புரொஜெக்டர், முப்பது பேர், இரண்டு மணித்தியாலம். திருகோணமலையில் ஒரு வாசகர் வட்டமோ கம்பஸ் மாணவர் குழுவோ ‘த சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் திருப்புமுனை எபிசோட் ஒன்றைப் போட்டுக் கதைக்க நினைத்தால் பெரும்பாலும் கையில் இருப்பது இவ்வளவுதான். இணையத்தில் உலவும் ‘தலைசிறந்த பத்து’ப் பட்டியல்கள் இங்கே உதவுவதில்லை. அவை தொடரை வருடக்கணக்காகப் பார்த்தவர்களுக்காக எழுதப்பட்டவை. இங்கே வந்து அமரப்போகிறவர்கள் சுட்டி டிவியில் டோராவும் ஜாக்கி சானும் பார்த்து வளர்ந்தவர்கள். சிம்ப்சன்ஸை அவர்களுக்குத் தெரிவது மஞ்சள் முகங்களாகவும், ‘அன்றே சொன்ன சிம்ப்சன்ஸ்’ என்று போனில் சுற்றும் துண்டு வீடியோக்களாகவும்தான்.

தெரிவு இதில்தான் தங்கியிருக்கிறது. 1989 டிசம்பர் 17இல் தொடங்கி இன்றும் ஓடும் இந்தத் தொடருக்கு ஓர் அடிப்படை விதி உண்டு: எது நடந்தாலும் அடுத்த வாரம் எல்லாம் பழையபடி. சிம்ப்சன் வீட்டுப் பிள்ளைகளில் பார்ட்டுக்கு என்றும் பத்து வயது, லீசாவுக்கு எட்டு, மேகி தவழும் குழந்தை. அணுமின் நிலையத்தில் வேலை செய்யும் அப்பா ஹோமர் அணு உலையை உருக வைத்தாலும் திங்கட்கிழமை வேலைக்குப் போவான். அதிர்ச்சி எபிசோட் என்பது இந்த விதியை உடைக்கும் எபிசோட். விதியே தெரியாதவருக்கு உடைந்தது விளங்காது. ஆகவே ஒவ்வொரு எபிசோடையும் பார்த்து நாம் கேட்க வேண்டிய கேள்வி: இது அதிர வைக்க எவ்வளவு பழக்கம் தேவை, அந்தப் பழக்கத்தை அதே மாலையில் நம்மால் கொடுக்க முடியுமா?

தெரிவு செய்பவருக்கு முடிவுகள் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் கீழே எல்லா முடிவுகளும் சொல்லப்படுகின்றன. பார்க்க வருபவர்களுக்கு இதை அனுப்ப வேண்டாம்.

ஹோமர்ஸ் எனிமி (1997 மே 4, 8ஆம் சீசன்)

ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்றால் இதைப் போடுங்கள். ஜோன் சுவார்ட்ஸ்வெல்டர் எழுதி ஜிம் ரியர்டன் இயக்கியது. பிராங்க் கிரைம்ஸ் என்ற 35 வயது மனிதன் அணுமின் நிலையத்தில் வேலைக்கு வருகிறான். நான்கு வயதில் பெற்றோரால் கைவிடப்பட்டவன். வசதியான பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைத்தவன். பதினெட்டாவது பிறந்தநாளில் ஒரு வெடிவிபத்தில் சிக்கி, படுக்கையில் கிடந்து தேறி, தபால்மூலம் படித்து, அணு இயற்பியலில் பட்டம் வாங்கியவன். இப்படிப்பட்ட ஒருவன் ஹோமரின் பக்கத்து மேசையில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை.

ஹோமர் அவன் பென்சிலைச் சப்புகிறான், அவன் சாப்பாட்டைத் தின்கிறான், கந்தக அமிலத்தைக் குடிக்கப் போகிறான். கிரைம்ஸ் அதைத் தட்டிவிட்டு ஹோமரின் உயிரைக் காப்பாற்றினால், சுவர் பழுதானதற்குத் தண்டனை கிரைம்ஸுக்கு. ஹோமர் சமாதானம் பேச வீட்டுக்குச் சாப்பிட அழைக்கிறான். அங்கே பெரிய வீடு, அன்பான குடும்பம், மேசையில் சிங்கி இறால், சுவரில் ஹோமர் விண்வெளிக்குப் போன படம். இரண்டு பவுலிங் மண்டபங்களுக்கு இடையில், ஒன்றின் மேல் இன்னொன்றின் கீழ் ஒற்றை அறையில் வாழும் கிரைம்ஸுக்கு அந்த இடத்தில் ஏதோ அறுந்து போகிறது. கடைசியில் ஹோமரைப் போல நடித்துக்காட்டிக்கொண்டே உயர் அழுத்த மின்கம்பியைப் பிடித்துச் சாகிறான். இறுதிச் சடங்கில் ஹோமர் தூக்கத்தில் உளற, ஊரே சிரிக்க, பெட்டி குழிக்குள் இறங்குகிறது.

இதில் செத்துப்போகிறவன் நமக்கு முன்பின் தெரியாதவன். அதனால் எட்டு சீசன் பார்த்திருக்கத் தேவையில்லை. புதிதாக வந்த பார்வையாளரும் கிரைம்ஸும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும், கதை நடக்கும் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டின் நியாயம் புரியவில்லை. படித்தும், உழைத்தும், ஒழுங்காக இருந்தும் வேலை கிடைக்காமல் இருப்பவர்கள் நிறைந்த ஊரில் இந்தக் கதைக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. ஒளிபரப்பான காலத்தில் பலர் இதை மிக இருண்டது என்று ஒதுக்கினார்கள். தொடரின் மிகத் துணிச்சலான இருபத்திரண்டு நிமிடம் இதுதான் என்பது எங்கள் முடிவு.

ஆனால் இதைத் தனியாகப் போட்டால் பாதிதான் எட்டும். சுவரில் தொங்கும் அந்த விண்வெளிப் படம் பொய் அல்ல. 1994 பெப்ரவரி 24இல் வந்த ‘டீப் ஸ்பேஸ் ஹோமர்’ எபிசோடில் ஹோமர் உண்மையிலேயே நாசாவால் அனுப்பப்படுகிறான், விண்வெளி வீரர் பஸ் ஆல்ட்ரினோடு. நாசாவின் ஒளிபரப்பை யாரும் பார்க்காததால் ஒரு சாதாரண ஆளைத் தேடி அவனைப் பிடிக்கிறார்கள். உருளைக்கிழங்குச் சிப்ஸும் எறும்புகளும் விண்கலத்துக்குள் மிதக்கும் காட்சிக்கு எந்தக் கூட்டமும் சிரிக்கும். முதலில் இதைப் போட்டு ஹோமரோடு சேர்ந்து சிரிக்க வையுங்கள். பத்து நிமிடம் விட்டு ‘ஹோமர்ஸ் எனிமி’. அரை மணித்தியாலத்துக்கு முன் தாம் சிரித்த அதே சம்பவம் கிரைம்ஸின் கண்ணில் எப்படி அநியாயமாகத் தெரிகிறது என்பதைக் கூட்டம் தானாகவே பிடித்துக்கொள்ளும். தேவையான பழக்கத்தை ஒரே மாலையில் கொடுத்துவிடக்கூடிய இணை இது. இரண்டும் சேர்ந்து 45 நிமிடம்.

கவனிக்க வேண்டிய இடம்: கிரைம்ஸின் வாழ்க்கை வரலாறு முழுவதும் தொடக்கத்திலேயே ஒரு தொலைக்காட்சிச் செய்தித் துண்டாகச் சட்டென்று ஓடிவிடும். பிந்தி வருபவர்கள் அதைத் தவறவிட்டால் அவனை வெறும் எரிச்சல்காரனாகவே பார்ப்பார்கள். கதவை மூடிவிட்டுத் தொடங்குங்கள்.

ஹூ ஷொட் மிஸ்டர் பர்ன்ஸ்? (1995 மே 21 / செப்டெம்பர் 17)

கூட்டத்தைக் கலகலப்பாக்க வேண்டுமென்றால் இது. ஆறாம் சீசனின் கடைசியிலும் ஏழாம் சீசனின் தொடக்கத்திலுமாக இரண்டு பாகம். பில் ஓக்லியும் ஜோஷ் வைன்ஸ்டைனும் சேர்ந்து எழுதியது. பாடசாலைக்குக் கீழே எண்ணெய் கிடைக்கிறது. அணுமின் நிலைய முதலாளி பர்ன்ஸ் சாய்வாகத் துளையிட்டு அதைத் திருடுகிறார். பிறகு சூரியனையே ஒரு தட்டால் மறைக்கிறார். ஊரில் எல்லோருக்கும் அவரைச் சுடக் காரணம் இருக்கிறது. சுடுகிறார்கள். முதல் பாகம் முடிந்துவிடுகிறது. அமெரிக்கப் பார்வையாளர்கள் கிட்டத்தட்ட நான்கு மாதம் காத்திருந்தார்கள். 1980இல் ‘டலஸ்’ தொடர் ஜே.ஆர் என்ற பாத்திரத்தை யார் சுட்டது என்று உலகைக் காக்கவைத்ததன் நையாண்டி இது.

சுட்டது குழந்தை மேகி. பர்ன்ஸ் அவளது லொலிபொப்பைப் பறிக்கப்போக, துப்பாக்கி நழுவி அவள் கைக்குள் விழுந்துவிடுகிறது. துப்பு முதல் பாகத்தின் கடைசிக் காட்சியிலேயே இருக்கிறது: சூரியக் கடிகாரத்தின் மேல் விழும் பர்ன்ஸின் கைகள் ‘டபிள்யூ’, ‘எஸ்’ எழுத்துகளைக் காட்டுகின்றன. அவர் கிடக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் டபிள்யூ ‘எம்’ ஆகிவிடும். எம், எஸ்: மேகி சிம்ப்சன்.

முதல் பாகத்தை ஒரு சனிக்கிழமையும் அடுத்ததை மறு சனிக்கிழமையும் போடலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். வேண்டாம். மண்டபத்தை விட்டு இறங்க முன்பே ஒருவர் தேடிப் பார்த்து வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். இரண்டாவது வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஒரே நாளில் போட்டு, நடுவில் 40 நிமிடம் தேநீருக்கும் ரோல்ஸுக்கும் விடுங்கள். சந்தேக நபர்களின் பட்டியலைத் தாளில் கொடுங்கள்: ஸ்மிதர்ஸ், ஹோமர், ஸ்கின்னர், வில்லி, மோ, பார்னி, தாத்தா, டிட்டோ புவென்டே, பார்ட், லீசா. மேகியின் பெயரைச் சேர்க்காமல் ‘வேறு யாராவது’ என்று ஒரு கோடு விட்டுவிடுங்கள். பெயரோடு, திரையில் கண்ட ஒரு தடயத்தையும் எழுதக் கேட்டால்தான் விளையாட்டு உருப்படியாக நடக்கும். முதல் பாகத்தின் கடைசி ஒரு நிமிடத்தை இன்னொரு தடவை ஓட்டிக் காட்டுவதும் நல்லது.

குறை என்னவென்றால், இது புதிர், திருப்புமுனை அல்ல. பர்ன்ஸ் பிழைக்கிறார், ஊர் பழையபடி ஆகிறது. விடை தெரிந்தபின் கலந்துரையாடலுக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. குழந்தை சுட்டது என்றதும் ஏமாற்றப்பட்டதாகச் சிலர் முகம் சுளிப்பார்கள். அந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டா, துப்பு ஒழுங்காக வைக்கப்பட்டதா என்பதைப் பதினைந்து நிமிடம் வாதாடலாம். அதற்கு மேல் போகாது.

த பிரின்ஸிபல் அண்ட் த போப்பர் (1997 செப்டெம்பர் 28)

கதை எழுதுபவர்களின் குழு என்றால் மட்டும். கென் கீலர் எழுதியது. பாடசாலை அதிபர் ஸ்கின்னரின் இருபதாண்டு நிறைவு விழாவில் உண்மையான ஸ்கின்னர் வந்து நிற்கிறார், மார்ட்டின் ஷீனின் குரலில். இதுவரை நாம் பார்த்தவர் ஆர்மின் டம்ஸேரியன் என்ற ஆள்மாறாட்டக்காரர். வியட்நாம் போரில் செத்ததாக நினைத்த தன் சார்ஜன்ட்டின் பெயரில் வாழ்ந்தவர். முடிவில் ஊர் உண்மையான ஸ்கின்னரை ரயிலில் கட்டி அனுப்பிவிட்டு, இனி இதைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று நீதிபதியைக் கொண்டு தீர்ப்பும் வாங்கிவிடுகிறது.

தொடரின் இரசிகர்கள் ஆகக் கூடுதலாகக் கோபப்பட்ட எபிசோட்களில் இது ஒன்று. ஸ்கின்னருக்குக் குரல் கொடுத்த ஹரி ஷியரரே வெளிப்படையாக எதிர்த்தார். பார்வையாளர் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்த நம்பிக்கையைத் தூக்கி எறிவது பிழை என்பது அவரது வாதம். தொடரை உருவாக்கிய மெட் குரோனிங்கும் இதைத் தனக்குப் பிடிக்காதவற்றில் சேர்த்தார். கீலர் தன் பக்கத்தில் உறுதியாக நின்றார்: மாற்றத்தை விரும்பாத ஒரு ஊரைப் பற்றித்தான் தான் எழுதியதாகச் சொன்னார். அந்த ரயில் காட்சியைப் பார்த்தால் அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

ஆனால் ஸ்கின்னரை முதல் தடவை பார்க்கும் ஒருவருக்கு அவர் வேறொருவர் என்று தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? இழக்க அவரிடம் ஒன்றுமில்லை. கூட்டம் மரியாதையாகப் பார்த்துவிட்டு மரியாதையாக எழும்பிப் போகும். அந்தப் பழக்கத்தைக் கொடுக்கக் குறைந்தது நாலைந்து எபிசோட் முன்கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஒரு மாலையில் நடக்காது.

மரணம் சம்பந்தப்பட்ட இரண்டு

‘ரவுண்ட் ஸ்பிரிங்ஃபீல்ட்’ (1995 ஏப்ரல் 30) இல் லீசாவின் சங்கீத வழிகாட்டி பிளீடிங் கம்ஸ் மர்ஃபி இறக்கிறார். காலை உணவுக்குள் கிடந்த கூரான உலோகத் துண்டை விழுங்கிய பார்ட் ஆஸ்பத்திரியில் கிடக்க, அங்கே லீசா மர்ஃபியைச் சந்திக்கிறாள். அவர் தன் சக்ஸபோனை அவளுக்குக் கொடுக்கிறார். மறுநாள் வந்தால் அவர் இல்லை. செத்தவீட்டுக்கு வேறு யாரும் வரவில்லை. அவரது இசைத்தட்டை வானொலியில் ஒலிக்க வைக்கச் சின்னப் பிள்ளை அலைவதுதான் மீதி. விலை கூடிப்போன தட்டை, நஷ்டஈடாகத் தனக்குக் கிடைத்த 500 டொலரையும் கொடுத்துப் பார்ட் வாங்கித் தரும் இடம் தொடரின் மிக நல்ல இடங்களில் ஒன்று. முன்னே 1990 பெப்ரவரி 11இல் வந்த ‘மோனிங் லீசா’வைப் போடுங்கள், மர்ஃபியும் லீசாவும் முதலில் சந்திப்பது அதில். பாடசாலை மாணவர்கள் கூடுதலாக வரும் கூட்டத்துக்கு ‘ஹோமர்ஸ் எனிமி’யை விட இந்த இணை பொருந்தும். அதிர்ச்சி குறைவு, துக்கம் அதிகம்.

‘அலோன் அகெய்ன், நச்சுரா டிடிலி’ (2000 பெப்ரவரி 13) கடினமான தெரிவு. காரோட்டப் பந்தயத்தில் டீ-ஷேர்ட் சுடும் பீரங்கி, ஹோமரின் பக்கத்து வீட்டுக்காரர் நெட் பிளாண்டர்ஸின் மனைவி மோடை மேலிருந்து விழுத்திக் கொல்கிறது. தரையில் கிடந்த கொண்டை ஊசியை எடுக்க ஹோமர் அந்த நொடியில் குனிந்ததால் சட்டை அவன்மேல் படவில்லை. காரணம் கதைக்கு வெளியே இருந்து வந்தது: மோடுக்குக் குரல் கொடுத்த மேகி ரோஸ்வெல் 1999இல் சம்பளப் பிரச்சினையால் விலகியிருந்தார். நடிகர் ஒப்பந்தம் கதையை எப்படித் திருப்புகிறது என்று பேச இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மேலும், விதி இங்கே உண்மையாகவே உடைந்தது. மோட் திரும்பவில்லை. நெட் பத்து வருடத்துக்கு மேல் தனியாக இருந்து ஆசிரியை எட்னாவை மணந்தார். எட்னாவின் குரலான மார்சியா வொலஸ் 2013 ஒக்டோபர் 25இல் காலமானபோது அந்தப் பாத்திரத்தையும் நிறுத்திவிட்டார்கள். உடனடி அஞ்சலியாக வந்தது பார்ட் கரும்பலகையில் எழுதிய ஒற்றை வரி.

இருந்தும், மரணத்துக்குப் பின் எபிசோட் வேகமாக நகைச்சுவைக்குத் திரும்புகிறது. மனைவி போய்ச் சில நிமிடத்தில் நெட்டுக்குப் பெண் பார்க்க ஹோமர் வீடியோ எடுக்கிறான். யுத்தமும் 2004 டிசம்பர் 26உம் கடந்து வந்த கரையோர ஊர் இது. திடீரென ஒருவரை இழந்த ஒருவராவது அந்த மண்டபத்தில் இருப்பார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். போடுவதென்றால் அழைப்பிலேயே ‘மனைவியின் திடீர் மரணம் பற்றிய நகைச்சுவை எபிசோட்’ என்று எழுதுங்கள். அதிர்ச்சி குறையும், பரவாயில்லை.

இன்னொரு அமெரிக்கக் கார்ட்டூனான ‘ஃபாமிலி கை’ தொடரின் ‘லைஃப் ஒஃப் பிரையன்’ஐயும் சிலர் கேட்பார்கள். நாய் பிரையன் 2013 நவம்பர் 24இல் கார் மோதிச் சாகிறது, டிசம்பர் 15இல் காலப்பயணத்தால் திரும்பிவிடுகிறது. மூன்று வாரத்தில் வாபஸான மரணத்தைப் பற்றிக் கதைக்க அதிகமில்லை. அந்தத் தொடரின் பகிடிகளும் வயது கலந்த கூட்டத்துக்கு ஆகாது.

தெரிவு செய்த பின் சறுக்கும் இடங்கள்

மேலே சொன்ன சிம்ப்சன்ஸ் எபிசோட்கள் எல்லாம் 4:3 அளவில் வரையப்பட்டவை. தொடர் அகலத்திரைக்கு மாறியது 2009 பெப்ரவரியில்தான். பழையவற்றை 16:9க்கு வெட்டிய பிரதிகள் உலவுகின்றன. மேலும் கீழும் நறுக்கப்பட்டதால் காட்சிப் பகிடிகள் பல போய்விடும். மண்டபத்து ஆட்கள் திரையை நிரப்ப வேண்டும் என்று படத்தை இழுத்தும் விடுவார்கள். இரண்டு பக்கமும் கறுப்பாக இருப்பதுதான் சரி என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தமிழ் உபதலைப்பு நீங்களே செய்தால் ஒரு தடவையில் இரண்டு வரி, வரிக்கு 35 எழுத்துக்கு மேல் வேண்டாம். வசனம் வேகமானது, முழுவதையும் மொழிபெயர்த்தால் வாசித்துக்கொண்டிருப்பவர்கள் படத்தைப் பார்க்கமாட்டார்கள். எழுத்துப் பலகைகளையும் செய்தித் துண்டையும் விடாமல் செய்யுங்கள், பக்கவாட்டுப் பேச்சைச் சுருக்குங்கள். கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்காவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். கொம்பும் காலும் இடம்மாறித் தெரிந்தால் பிளேயர் பழையது. விஎல்சியின் புதிய பதிப்பைப் போடுங்கள். உபதலைப்பு தொடக்கம் முதல் ஒரே அளவில் பிந்தினால் விஎல்சியில் ஜி, எச் விசைகளால் 50 மில்லிசெக்கன் படி நகர்த்தலாம். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் பிரேம் வேகம் பொருந்தவில்லை: செக்கனுக்கு 23.976 பிரேமுக்குச் செய்ததை 25இல் ஓட்டினால் 22 நிமிடத்தில் ஒரு நிமிடமளவு விலகிவிடும். சப்டைட்டில் எடிட் மென்பொருளில் பிரேம் வேகத்தை மாற்றினால் தீரும்.

கடற்கரையில் வெள்ளைத்துணி கட்டிப் போடும் ஆசையைக் கச்சான் காற்றுக் காலத்தில் விட்டுவிடுங்கள், துணி நிற்காது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை. தகரக் கூரை மண்டபத்தில் வசனம் கேட்காது, உபதலைப்பு மட்டுமே கைகொடுக்கும். சனிக்கிழமை பின்னேரம் மூன்றரை மணி, தடித்த திரைச்சீலை போட்ட அறை, 3000 லூமென் புரொஜெக்டர் போதும். ஐந்தரை மணிக்குள் முடித்தால் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸைப் பிடிக்கலாம், மஃரிப் தொழுகைக்கும் இடைஞ்சல் இல்லை. ஏ/எல் டியூஷன் நேரத்தைக் கேட்டுவிட்டு நாளைக் குறியுங்கள். லப்டொப்பைச் சார்ஜரில் போட்டபடி அம்பிளிஃபயருக்குக் கொடுத்தால் சிலவேளை இரைச்சல் வரும். பற்றரியில் ஓட்டினால் நின்றுவிடும். கரண்ட் போனால் லாம்ப் புரொஜெக்டர் ஃபான் சுற்றாமல் சூடாகிப் பழுதாகும், ஆகவே அதை ஒரு யூபிஎஸ்ஸில் போடுங்கள். படத்தைத் தொடர அல்ல, ஆற விட்டு அணைக்க. பொது இடத்தில் காட்டுவதானால் உரிமையாளரின் அனுமதி தேவை. வீட்டுப் பாவனைக்கு விற்கப்பட்ட தட்டு அந்த அனுமதியைத் தராது.

‘ஹோமர்ஸ் எனிமி’யைப் போடுகிறவர்கள் அடுத்த எபிசோட் தானாக ஓடும் வசதியை நிறுத்தி வையுங்கள். முடிந்ததும் லைட்டைப் போட்டு, “கிரைம்ஸ் செய்த பிழை என்ன?” என்று மட்டும் கேளுங்கள். சவப்பெட்டி இறங்கும்போது யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று பார்த்து வைத்திருந்தால், பேசும் வாய்ப்பைச் சிரிக்காதவரிடம் முதலில் கொடுங்கள்.